கொடுத்த பின் கேட்கும் கணக்கு

கடன் அட்டையை வழங்கி, ஆண்டுக் கணக்கில் அதன்மேல் வட்டியும் கட்டணமும் வசூலித்து, அட்டைதாரர் தவணை தவறாதவர் என்பதையும் தன் பேரேட்டிலேயே கண்டுகொண்ட ஒரு ஸ்தாபனம், திடீரென ஒருநாள், விண்ணப்பம் எழுதிய காலத்தில் தாங்கள் குறிப்பிட்ட ஆண்டு வருமானம் மெய்தானா, அதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்குமாயின், அந்தக் கேள்வி அநியாயமானது என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அது யாரிடம், எப்போது, எந்தக் காகிதத்தை எதிர்பார்த்துக் கேட்கப்படுகிறது என்பதைப் பாராமல் நியாயமானது என்று ஒப்புக்கொள்ளவும் முடியாது.

சென்னையில் மாதச் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு இது கால்மணி நேர வேலை. கம்பெனி கொடுத்த படிவம் 16, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இவ்விரண்டையும் செல்பேசியிலேயே ஏற்றி அனுப்பிவிட்டு அவர் தம் காரியத்தைப் பார்க்கப் போய்விடலாம். அரியலூர் மாவட்டத்துச் செந்துறையில் இருப்பவருக்கு விஷயம் அவ்வளவு எளிதன்று. விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் ஒரு சிறு ஸ்டேஷன். அதைச் சுற்றி முந்திரிக் காடுகளும், வானம் பார்த்த பூமியில் மக்காச்சோளமும் பருத்தியும். தளவாயிலும் அரியலூரைச் சுற்றிலும் சிமெண்ட் ஆலைகள். அவற்றுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள். ஆலைக்குள் ஒப்பந்தக்காரரிடம் கூலி பெறும் தொழிலாளர். வெளிநாட்டிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ பிள்ளை அனுப்பும் பணத்தில் நடக்கும் குடும்பங்கள். இவ்வட்டாரத்தில் பணம் புழங்காமல் இல்லை. அது மாதத்தின் முதல் தேதியில், ஒரே தொகையாக, ஒரே கணக்கில் வந்து விழுவதுதான் அபூர்வம்.

சில ஆண்டுகளுக்கு முன்பாயின் இது செந்துறைக்குச் சம்பந்தமில்லாத பிரஸ்தாபமாக இருந்திருக்கும். 1961-இல் டைனர்ஸ் கிளப் இந்தியாவுக்கு வந்தபோதும், 1980-இல் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா தன் அட்டையை வெளியிட்டபோதும், அது பெருநகரத்துச் செல்வந்தர்களின் சௌகரியம் என்ற அளவிலேயே நின்றது. ரூபே கடன் அட்டையை யு.பி.ஐ.யோடு இணைக்கலாம் என்று 2022 ஜூனில் ரிசர்வ் வங்கி அனுமதித்த பின்னர் நிலைமை மாறிற்று. மளிகைக் கடையிலும் உரக் கடையிலும் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டையே கடனுக்கு வாசலாகிவிட்டது. 2024-இன் தொடக்கத்தில் நாட்டில் புழங்கும் கடன் அட்டைகள் 10 கோடியைத் தாண்டின. அதற்குச் சில மாதம் முன்பே, 2023 நவம்பர் 16-ஆம் தேதி, ஈடில்லாத நுகர்வுக் கடன் கட்டுமீறிப் பெருகுகிறதென்று கவலைகொண்ட ரிசர்வ் வங்கி, வங்கிகளின் அட்டைக் கடனுக்கான இடர் எடையை 125 விழுக்காட்டிலிருந்து 150 ஆக உயர்த்தி, அதற்கு ஒதுக்கவேண்டிய மூலதனத்தை அதிகமாக்கிற்று. கொடுத்ததெல்லாம் திரும்புமா என்ற சந்தேகத்தில் பழைய விண்ணப்பங்களைப் புரட்டிப் பார்க்க, வழங்கியவர்களுக்கு இப்படி ஒரு நெருக்கடி போதும்.

வருமானத்தைச் சரிபார்ப்பதே தவறு, கடன் வாங்குகிறவன் சொன்னதை நம்பவேண்டியதுதானே என்று வாதிடுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. அட்டைக் கடனின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பாக்கி நிற்கிறது. வட்டி மாதத்துக்கு 3.75 விழுக்காடு, கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அவர் முகம் சுளிக்காமல் 5,000 ரூபாய் கட்டுகிறார். அதில் வட்டி 3,750. அவ்வட்டியின்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 675, அசலில் கழிவது 575 ரூபாய். ‘மினிமம் கட்டிட்டேன்’ என்று நிம்மதியாக இருப்பவர், மறுமாதம் நயாபைசாவுக்கு ஒன்றும் வாங்காமல் இருந்தாலும், 99,425 ரூபாய்க்குக் கடன்காரர். ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அளித்த தீர்ப்பையும் 2024 டிசம்பர் 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்துசெய்துவிட்டது; ஆகையால் வட்டிக்கு அந்த வரம்பும் இன்று இல்லை. இத்தகைய கடனை, திருப்பிக் கட்டும் சக்தி இல்லாதவர் கையில், அவர் எழுதிய ஓர் எண்ணை மட்டும் நம்பிக் கொடுப்பது உபகாரம் ஆகாது.

ஆனால் அந்தச் சக்தியை அளந்து பார்க்கும் கடமை யாருடையது, அது எப்போது நிறைவேறவேண்டியது என்பதில் சட்டத்துக்கு மயக்கம் இல்லை. 2022 ஏப்ரல் 21-ஆம் தேதி ரிசர்வ் வங்கி பிறப்பித்து அவ்வாண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்த கட்டளை, அட்டையை வழங்கும்போதே விண்ணப்பதாரரின் சொந்தப் பொருள்வசதியைக் கருத்திற்கொண்டு, வழங்குபவர் சுயேச்சையாகக் கடன் அபாயத்தை மதிப்பிடவேண்டும் என்கிறது. பிற ஸ்தாபனங்களில் அவருக்கு உள்ள கடன் லிமிட்டுகளையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்கிறது. கேளாத அட்டையை அனுப்பக் கூடாது, வெளிப்படையான சம்மதமின்றி லிமிட்டை உயர்த்தக் கூடாது என்கிறது. வழங்கும்போது பாராமல் விட்டதை, வழங்கிய பின்னர் அட்டைதாரரைக்கொண்டு பார்க்கச் செய்வது, தன் கடமையை அவர்மீது சுமத்துவதே அன்றி வேறல்ல.

பாராமல் விடுவது எப்படி நடக்கிறதென்பதும் ரகசியமன்று. விண்ணப்பத்தில் ‘ஆண்டு வருமானம்’ என்றொரு கட்டம் உண்டு. கடைவீதியிலோ பெட்ரோல் பங்கிலோ நிறுத்திப் பேசும் ஏஜென்ட், கையிலுள்ள டேப்லெட்டில் பெயரையும் பான் எண்ணையும் தானே தட்டி முடித்து அந்தக் கட்டத்துக்கு வந்ததும், “என்னண்ணே, ஒரு ஆறு லட்சம்னு போட்டுக்கலாமா? கம்மியாப் போட்டா சிஸ்டம் எடுக்காதுண்ணே” என்பார். அண்ணன் தலையை ஆட்டுவார். இரண்டு விநாடியில் முடிந்துவிட்ட அந்தச் சம்பாஷணையில், எண்ணைச் சொன்னவர் ஒருவர், அதற்குக் கையொப்பத்துக்கு ஈடான ஓ.டி.பி.யைச் சொன்னவர் மற்றொருவர். அட்டைக்கு இவ்வளவு என்று முன்னவருக்குக் கிடைக்கவேண்டியது கிடைத்துவிடும். பிற்காலத்தில் விளக்கம் கேட்டுச் செய்தி வரும்போது அது பின்னவருக்கு மட்டுமே வரும்.

இதற்காக நம்மவர்களை முழு நிரபராதிகள் என்று தீர்ப்புச் சொல்லிவிடவும் மனம் வரவில்லை. ஒரே வீட்டுக்கு இங்கே மூன்று வருமானங்கள் உண்டு. தாசில்தாருக்குச் சொல்வது ஒன்று. வங்கிக்குச் சொல்வது ஒன்று. பெண் கொடுக்க வருகிறவர்களிடம் சொல்வது மூன்றாவது. இ-சேவை மையத்தில் மனுப் போட்டு, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று படிப்படியாகக் கடந்து தாசில்தார் ஒப்புதலோடு கைக்கு வரும் வருமானச் சான்றில் என்ன தொகை இருக்கிறது என்று பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்த காலத்தில் 72,000-ஐத் தாண்டாத வீடுகள், அவ்வரம்பு 1,20,000-ஆக உயர்ந்ததும் சற்றே செழிப்படைந்தன. இதைச் சொல்லி யாரையும் ஏளனம் செய்வதற்கில்லை. மருத்துவமனைச் செலவு என்ற பெரும் பள்ளத்தின் கரையில் நிற்பவன் காப்பீட்டு அட்டையைப் பற்றிக்கொள்வதற்காகச் சொல்லும் எண்ணை, சான்றளிக்கும் அதிகாரியும் அறிந்தே சம்மதிக்கிறார். சங்கடம் எங்கே வருகிறதென்றால், கடன் அட்டைக்காரர் வருமானத்துக்கு ஆதாரம் கேட்கும்போது, சர்க்கார் முத்திரையோடு வீட்டில் இருக்கும் ஒரே காகிதம் அந்தச் சான்றிதழாக இருக்கிறது. விண்ணப்பத்தில் ஆறு லட்சம்; சான்றில் எழுபத்திரண்டாயிரம். உண்மை இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. அதை எழுதி வைத்த காகிதம் மட்டும் எங்கும் இல்லை.

காகிதம் ஒழுங்காக வைத்திருப்பவரையும் எடுத்துக்கொள்வோம். சொந்தமாக ஒரு பத்துச் சக்கர டிப்பர் வைத்துச் சுண்ணாம்புக்கல் நடை அடிக்கிறார் ஒருவர். ஏற்றிய எடையோடு சேர்த்து 28 டன் வரை போகலாம் என்று அனுமதி பெற்ற வண்டி. லாரி உடைமையாளர்களை விரிவான கணக்கேடு வைக்கும் தொல்லையிலிருந்து காப்பதற்காக 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 44ஏஇ என்றொரு பிரிவு சேர்க்கப்பட்டது. கனரக வண்டிக்கு டன் ஒன்றுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று அனுமானித்து ரிட்டர்ன் போட்டால் போதும். அதன்படி இவருடைய வருமானம் மாதம் 28,000, ஆண்டுக்கு 3,36,000. இதில் பொய் ஏதுமில்லை. சட்டமே சொல்லித் தந்த எண். இவரது வங்கிக் கணக்கு அறிக்கையை வாங்கிப் பார்த்தால், வாடகையாக வந்த தொகை மாதந்தோறும் இதைப்போல் பல மடங்கு இருக்கும். ஆனால் வந்த வேகத்திலேயே அது டீசலுக்கும் டிரைவர் பேட்டாவுக்கும் டயருக்கும் பைனான்ஸ் தவணைக்கும் பிரிந்து போயிருக்கும். குவாரியில் வேலை நின்றுபோன மாதமும், எஞ்சின் கழற்றிப் போட்ட மாதமும் அந்த அறிக்கையில் வெறும் வெள்ளையாகத் தெரியும். ரிட்டர்னை மட்டும் பார்க்கிறவருக்கு இவர் லிமிட்டுக்குத் தகுதியில்லாதவர்; ஸ்டேட்மென்ட்டை மட்டும் பார்க்கிறவருக்குப் பெரிய தனவந்தர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்தத் தொழில் எப்படி நடக்கிறதென்று அறிந்த ஒரு மனிதர் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தாலொழிய இவருடைய நிஜமான சக்தி புலப்படாது. அப்படி உட்காரும் மனிதரை நியமிப்பதற்குப் பதிலாகத்தான் கணிப்பொறியிலிருந்து ஒரு செய்தி அனுப்பப்படுகிறது.

முந்திரி விவசாயிக்கு இன்னும் சிக்கல். மார்கழி, தை மாதங்களில் பூத்து, பங்குனி முதல் வைகாசிக்குள் கொட்டை பொறுக்கி முடிகிற பயிர் அது. ஆண்டு முழுவதற்குமான பணம் அந்த ஒன்றிரண்டு மாதத்தில் வருகிறது. வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்தைக் கழித்துக்கொண்டு வருகிறது. பெரும்பாலும் ரொக்கமாக வருகிறது. விவசாய வருமானத்துக்கு வருமான வரிச் சட்டத்தின் 10(1) பிரிவு விலக்களித்திருப்பதால், அது ஒன்றையே நம்பி வாழ்கிறவர் ரிட்டர்ன் போடவேண்டியதில்லை. ஆகவே சட்டத்துக்கு முழுக்க உட்பட்டு நடக்கும் ஒருவரிடம், சட்டம் அவரைக் கேளாத காகிதத்தை, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டோ மூன்று ஆண்டு ரிட்டர்னோ என்று கேட்பது, முந்திரிக்கொட்டையை முழக்கோலால் அளக்கப் புகுந்த கதை. அவர் கார்த்திகையில் விண்ணப்பித்தால் ஆறுமாத அறிக்கையில் ஒன்றும் இராது. ஆனியில் விண்ணப்பித்தால் மாதம் லட்ச ரூபாய் சம்பாதிப்பவராகத் தோன்றுவார்.

இப்படிப்பட்ட வருமானத்தை அளக்க நாட்டில் வழியே இல்லையோ என்றால், நூறாண்டுக்கும் முன்பே இதே யோசனையில் சென்னை ராஜதானியின் புத்திசாலிகள் ஈடுபட்டிருக்கிறார்கள். சென்னை அரசாங்கத்தின் ஆணைப்படி பிரடெரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் இரண்டு தொகுதிகளாக அளித்த அறிக்கை, விவசாயிக்குக் கடன் கொடுக்கத் தகுந்தவர்கள் அவனை நேரில் அறிந்த ஊரார்தாம் என்ற கருத்தின்மேல் எழுந்தது. 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் அதன் பின்விளைவு. உறுப்பினர் ஒவ்வொருவரும் மற்றவருடைய கடனுக்கு வரம்பின்றிப் பொறுப்பு என்ற ஏற்பாட்டில், பக்கத்து வீட்டுக்காரன் எத்தனை மூட்டை கண்டான் என்பதைச் சான்றிதழ் கொண்டு அறியவேண்டிய அவசியமில்லை. ஆனால் கண்ணால் அறிவது மட்டும் போதவில்லை. 1951-52-இல் ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வில், கிராமத்தார் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு மூன்று விழுக்காட்டளவே என்று தெரியவந்தது. மிகப்பெரும் பங்கு லேவாதேவிக்காரரிடமே இருந்தது. ஊரார் அறிந்தவர்களுக்குள்ளும் சாதியாலும் நிலத்தாலும் பெரியவர்களே சங்கத்தில் கடன் பெற்றார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. முகத்தைப் பார்த்துக் கொடுக்கும் முறைக்குத் திரும்பிவிடலாம் என்று சொல்பவன் நானல்ல.

1998-இல் வந்த கிசான் கிரெடிட் கார்டு முகத்துக்கும் காகிதத்துக்கும் இடைப்பட்ட ஒரு வழியைக் கண்டது. அதன் லிமிட்டை முடிவுசெய்ய யாரும் ஆண்டு வருமானம் கேட்பதில்லை. சிட்டாவும் அடங்கலும் பார்த்து, எத்தனை ஏக்கரில் என்ன பயிர் என்று அறிந்து, அந்தப் பயிருக்கு ஏக்கர் ஒன்றுக்கு மாவட்டத் தொழில்நுட்பக் குழு நிர்ணயித்த கடன் அளவால் பெருக்கி, அதன்மேல் அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் குடும்பச் செலவுக்குமாக 10 விழுக்காடு கூட்டிக்கொள்கிறார்கள். திருப்பிக் கட்டும் தேதியும் அறுவடையை அனுசரித்தே வைக்கப்படுகிறது. அடமானமின்றிக் கொடுக்கும் வரம்பு 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய். பேரில் இதுவும் கார்டுதான். ஒரே வங்கிக் கிளையில், ஒரு மேஜையில் அடங்கலைக் கொண்டு இவர் திருப்பிக் கட்டும் சக்தி உள்ளவர் என்று முடிவுகட்டிய பின்னர், அடுத்த மேஜையில் சம்பளச் சீட்டு இல்லாதவர் என்று சந்தேகிப்பதை எந்தத் தர்க்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

அரசாங்கமே வேறொரு சந்தர்ப்பத்தில் இன்னும் தெளிவாக நடந்துகொண்டது. 2023 செப்டம்பர் 15 முதல் வழங்கப்படும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள், நிலம் நன்செய் ஐந்து ஏக்கருக்கும் புன்செய் பத்து ஏக்கருக்கும் உட்பட்டு, வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று நிபந்தனை வைத்தார்கள். ஆனால் வருமானச் சான்று வாங்கி இணைக்கத் தேவையில்லை என்றும் அறிவித்தார்கள். சரிபார்க்கவேண்டியவர் தம்மிடமுள்ள பதிவேடுகளைத் தாமே பார்த்துக்கொண்டார். தகுதியான சிலர் விடுபட்டார்கள் என்ற மனக்குறை எழுந்தது உண்மை. மேல்முறையீட்டுக்கு வழியும் வைக்கப்பட்டது. கடன் அட்டைக்காரர்களிடம் இதைவிட நுட்பமான கருவிகள் இருக்கின்றன: கடன் தகவல் அறிக்கை இருக்கிறது, 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அக்கவுண்ட் அக்ரிகேட்டர் ஏற்பாட்டின் வழியே, அட்டைதாரரின் சம்மதத்தோடு வேறு வங்கிக் கணக்கின் வரவு செலவையும் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் இத்தனை ஆண்டு எப்படிக் கட்டினார் என்ற சரித்திரம் அவர்களிடமே இருக்கிறது.

அட்டையை வழங்கிய பின் வருமானத்துக்கு ஆதாரம் கேட்கும் இந்த நடைமுறை அமெரிக்காவில் பழையது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நடத்தும் ‘நிதிப் பரிசீலனை’யில், வருமான வரித் துறையிடமிருந்து விவர நகல் பெற 4506 வரிசைப் படிவத்தில் கையொப்பம் கேட்பதும், அது முடியும்வரை அட்டைகளை நிறுத்திவைப்பதும் உண்டு. அந்நாட்டுச் சட்டம், கட்டும் சக்தியைக் கருத வேண்டுமென்று விதிப்பினும், விண்ணப்பதாரர் சொன்னதை நம்பி வழங்க இடம் தருகிறது. வங்கியிடம் வேண்டுமென்றே பொய் சொன்னால் தண்டனையும் கடுமை. நமக்குப் பயன்படும் சங்கதி வேறொன்று. வீட்டு நிர்வாகத்தைப் பார்க்கும் மனைவிக்குச் சொந்தச் சம்பளம் இல்லாததால் அட்டை மறுக்கப்படுவதாகக் குறை எழுந்தபோது, 2013-இல் அங்கே விதியைத் திருத்தி, தான் நியாயமாக எதிர்பார்த்துப் பயன்படுத்தக்கூடிய குடும்ப வருமானத்தையும் 21 வயது நிரம்பியவர் குறிப்பிடலாம் என்று செய்தார்கள். நமது கட்டளையோ சொந்தப் பொருள்வசதி என்று நின்றுவிட்டது. வெளிநாட்டிலிருந்து கணவர் அனுப்பும் பணத்தைத் தம் பெயரிலுள்ள கணக்கில் வாங்கி, நிலத்தையும் பார்த்துக்கொண்டு, மகளிர் சுய உதவிக் குழுவில் ஒரு தவணையும் தவறாமல் கட்டிவரும் செந்துறைப் பெண்மணி, ‘தொழில்: இல்லத்தரசி, வருமானம்: இல்லை’ என்ற இரண்டு கட்டங்களுக்குள் அடைபட்டு, தம் நிரந்தர வைப்பையே ஈடாக வைத்து அட்டை வாங்கவேண்டியவராகிறார். தம் பணத்தைத் தாமே கடன் வாங்க ஜாமீன் கொடுக்கும் விசித்திரம் அது.

செய்தி வரும் முறையையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ‘விவரத்தைப் புதுப்பிக்காவிட்டால் கார்டு முடக்கப்படும், இந்த இணைப்பைத் தொடவும்’ என்பது மோசடிக்காரர் அனுப்பும் செய்தியின் அச்சு அசல் வாசகம். பணம் பறிபோனால் 1930-க்கு அழையுங்கள் என்று ஒரு பக்கம் போலீசார் எச்சரிக்க, மறுபக்கம் உண்மையான வழங்குநரே அதே தோரணையில் வருமான ஆதாரம் கேட்டால், எச்சரிக்கையாக இருக்கும் மனிதர் பதில் அனுப்பமாட்டார். எச்சரிக்கைக்குக் கூலியாக அவர் லிமிட் குறையும்.

அந்தக் குறைப்போடு விஷயம் நின்றுவிடுவதில்லை. ஒரு லட்சம் லிமிட்டில் முப்பதாயிரம் பயன்படுத்தியவர், லிமிட் நாற்பதாயிரமானதும், கூடுதலாக ஒரு ரூபாயும் செலவழிக்காமலே முக்கால் பங்கை உபயோகித்தவராகிறார். கடன் தகவல் நிறுவனத்தின் மதிப்பெண் அதனால் இறங்கக்கூடும். மகன் படிப்புக்குக் கடன் கேட்டுப் போகும் வேறொரு வங்கியில் அந்த இறக்கம் அவருக்கு முன்பே போய் உட்கார்ந்திருக்கும். விண்ணப்பத்தை நிராகரித்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தரவேண்டும், அட்டையை முடக்கினாலும் காரணம் சொல்லவேண்டும் என்று விதித்த அதே 2022-ஆம் ஆண்டுக் கட்டளை, லிமிட்டைக் குறைக்கும்போது மட்டும் தெரிவித்தால் போதும் என்று விட்டுவிட்டது. குறைதீர்ப்பாளரிடம் போகலாமே என்றால், 2021 நவம்பரில் தொடங்கிய ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டம், வங்கியின் வணிக முடிவைப் பற்றிய புகாரை விசாரணைக்கே ஏற்பதில்லை. லிமிட்டைக் குறைத்தது வணிக முடிவு என்று ஒரு வரி எழுதினால் கதவு சாத்தியாயிற்று.

ஆகையால் திருத்தம் கட்டளையிலேயே வரவேண்டும். வருமானத்தை மறுபடி கேட்பதானால் குறைந்தது தொண்ணூறு நாள் அவகாசம் கொடுத்து, தபாலிலோ கிளையிலோ எழுத்துமூலம் கேட்கவேண்டும். அவகாசம் முடியும்வரை லிமிட்டில் கைவைக்கக் கூடாது. அடங்கல், 44ஏஇ ரிட்டர்ன், ஓராண்டு முழுவதற்குமான வங்கி அறிக்கை, குழுக் கடனின் தவணைப் பதிவு ஆகியவற்றைச் சம்பளச் சீட்டுக்குச் சமமாக ஏற்கவேண்டும். தாமதமின்றிக் கட்டிவருகிறவரின் லிமிட்டைக் குறைத்தால் காரணத்தை எழுதித் தரவேண்டும், அந்தக் காரணம் குறைதீர்ப்பாளரின் விசாரணைக்கு உட்படவேண்டும். விண்ணப்பத்தில் எழுதிய தொகை ஏஜென்ட் பதிவுசெய்தது என்று புலனாகுமிடத்தில், முதல் விளக்கத்தை அந்த ஏஜென்ட்டிடமும் அவரை அனுப்பியவரிடமும் கேட்கவேண்டும்.